நீல டிரம்மில் அரிசி

தெருவில் ஆலை எண்ணெய் மிதக்க வெள்ளம் வந்த வருடம், என் மகளுக்கு இரண்டு நாள் வெறும் பிஸ்கட்தான் கொடுக்க முடிந்தது. மனைவி இறந்தபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். மகளுக்குச் சோறு போட முடியாதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தண்ணீர் வடிந்ததும், பழைய டிரம் விற்கும் கடையில் மூடி போட்ட நீல டிரம் ஒன்று வாங்கினேன். திருவொற்றியூரில் அது இல்லாத வீடு குறைவு. எல்லோரும் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். நான் இரண்டு மூட்டை அரிசியைக் கொட்டினேன்.

"இதுல கம்பெனிக்காரன் இன்னா ஊத்தி வச்சிருந்தானோ," என்றாள் மகள்.

"மூணு தபா சோப்பு போட்டுக் கழுவிக்கீறேன்."

"இது வூடா, ரேஷன் கடையாப்பா?"

அவள் காசிமேட்டிலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்து, அடியில் ஓட்டை போட்டு, மொட்டைமாடியில் கீரை விதைத்தாள். நாலு கட்டு கீரை வெள்ளத்தில் யாரைக் காப்பாற்றும் என்று சிரித்தேன்.

போன வருடம் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டாள். தினமும் போனில் கேட்பாள்: "கீரைக்குத் தண்ணி ஊத்துனியாப்பா?"

"ஊத்தினேம்மா."

ஊற்றியதே இல்லை. மாடி ஏறினால் அவள் இல்லாதது தெரியும். டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இந்த மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை, கடை இல்லை. இதற்காகத்தானே என்று டிரம்மைத் திறந்தேன். லேசாக ஏதோ நெடி அடித்தது. மழை வாடை என்று நினைத்துக்கொண்டேன். சோறு வடித்ததும் வீடெல்லாம் பெயிண்டில் கலக்கும் தின்னர் நாற்றம். நன்றாகக் களைந்து மறுபடி வடித்தேன். போகவில்லை.

மேல்வீட்டு அம்மா சோற்றோடும் கீரைக் கடைசலோடும் கதவைத் தட்டினார்.

"இந்தாண்ணா, உம்பொண்ணு கீரைதான்."

"அது காஞ்சு போயிருக்குமே?"

"நான் தெனம் ஊத்திக்கினு கீறேன். போறப்பவே சொல்லிட்டுப் போச்சு, அப்பா மாடி ஏறாது, நீ பாத்துக்கோக்கான்னு."

அப்படியென்றால் தெரிந்தேதான் தினமும் கேட்டிருக்கிறாள்.

சாப்பிட்டு முடித்ததும் போன் வந்தது. சார்ஜ் தீரும் நிலை.

"அரிசி கெட்டுப் போச்சும்மா. உன் கீரைதான் சாப்ட்டேன். நான் ஒருநாளும் தண்ணி ஊத்தல."

"தெரியும்பா," என்றாள். போன் அணைந்துவிட்டது.

குடையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அத்தனை மழையிலும் பெட்டிகளில் தண்ணீர் நிற்கவில்லை. அவள் போட்ட ஓட்டைகள் வழியாக வடிந்துகொண்டிருந்தது.