கைப்பையில் ஒரு கிண்ணம்

பந்தியில் உட்கார்ந்ததும் பிரகதாம்பாள் இலையைப் பார்ப்பதில்லை. தன் வலப்பக்கத்து நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்றுதான் பார்ப்பார். உட்காருவது நான் என்றால் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இலைக்குத் தண்ணீர் தெளிப்பார். வேறு யாராவது என்றால் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காதில் வைத்து, "ஆர்.ஐ. சார் கூப்பிடுறாரு" என்று எழுந்துபோய்விடுவார். ஆர்.ஐ. என்றால் அவருடைய மேலதிகாரி, வருவாய் ஆய்வாளர்; அந்தப் போனில் யாரும் இருக்கமாட்டார்கள்.

பரிமாறுகிறவர் வடையை வைத்துவிட்டு நகர்ந்ததும், அவர் சாப்பிடத் தொடங்கும் முன்பே அது என் இலைக்கு வந்துவிடும். அடுத்தது ஜாங்கிரி. அதற்கடுத்து உருளைக்கிழங்கு. ஒன்றரை ஆண்டுப் பழக்கத்தில் எங்கள் இருவருக்கும் கண்ணைக்கூடக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அப்பளத்தை மட்டும் தர மாட்டார். அதை நொறுக்கி இலை முழுக்கப் பரப்பினால் பாதிச் சாப்பாடு முடிந்த மாதிரி தெரியும் என்பது அவர் கண்டுபிடிப்பு. சோற்றில் குழி பறித்துச் சாம்பார் வாங்கி, ஊர் பார்க்கப் பிசைந்து, நாலு வாய் சாப்பிடுவார். ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்லுவார், நான் எண்ணியிருக்கிறேன். தண்ணீர் தொட மாட்டார். பாயச வாளி தலை காட்டியதும் இலையை மடித்துவிடுவார். இலை மடிக்கிற வேகத்தில் அவரை மிஞ்ச இந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது. அவர் இளைத்ததில் ஐந்து கிலோ என்னிடம்தான் இருக்கிறது.

திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஏதோ ஓர் ஊரில் அவர் கிராம நிர்வாக அலுவலர். பக்கத்து ஊருக்கு நான். எனக்குச் சொந்த ஊர் நாகூர், பெயர் ஷமா. அவர் ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். அவர் சம்மதித்துத்தான் இதை எழுதுகிறேன். "எழுதிக்க. எடைய மட்டும் போட்டுடாத" என்றார். போடவில்லை. டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒரு காலத்தில் அவர் ஒருவர்தான் உட்காருவார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வேலையில் கெட்டிக்காரர். சிட்டா, அடங்கல் கேட்டு வருகிறவரை நிற்க வைக்க மாட்டார். வயதானவர் என்றால் தன் நாற்காலியையே இழுத்துப் போடுவார். ஆள் பெயர் மறந்துபோகும், சர்வே நம்பர் மறக்காது. "நூத்திநாப்பத்திரெண்டு பை மூணு வந்திருக்காரு, கவனிங்க" என்று உள்ளே குரல் கொடுப்பார். ரப்பர் முத்திரையை வாய் அருகே கொண்டுபோய் ஒரு முறை ஊதிவிட்டுத்தான் குத்துவார். மை பதிகிறதோ இல்லையோ, அந்த ஊதல் இல்லாமல் அவர் கையிலிருந்து ஒரு சான்றிதழும் வெளியே போனதில்லை.

முட்டி தேய்ந்து, சர்க்கரை ஏறி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற நிலையில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு மருத்துவமனையில் அவருடைய இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஊருக்குச் சொன்னது பித்தப்பைக் கல். உடம்பு வற்றத் தொடங்கியதும் கேட்டவர்களுக்குச் சொன்னது சீரகத் தண்ணீர். அதை நம்பி அந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் விடிந்ததும் சீரகத் தண்ணீர் குடிக்கிறார்கள். ஒருத்தியும் இளைக்கவில்லை. "உங்களுக்கு மட்டும் எப்படிம்மா?" என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் இவருக்கு முகம் வெளுத்துப்போகும்.

மஸ்கட்டில் இருக்கும் கணவருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது தற்செயல். அறுவை முடிந்த சில மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, வருடாந்திரக் கணக்குத் தணிக்கை, நடந்தது. மதியச் சாப்பாட்டில் தாசில்தாரே எடுத்து வைத்த அல்வாவை மறுக்க முடியாமல் இரண்டு விள்ளல் தின்றுவிட்டார். வெட்டிய வயிற்றுக்கு இனிப்பு ஆகாது; பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போனவரைக் கழிவறையில் நான்தான் தாங்கிப் பிடித்தேன். புடவை விலகியபோது வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள். 108-க்குப் போன் பண்ணட்டுமா என்றேன். "பண்ணாத. பண்ணினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றார். உயிர் போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"ஆபரேஷன்தானே அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"உனக்குத் தெரியாது ஷமா. முட்டிக்குப் பண்ணினா பாவம்பாங்க. கண்ணுக்குப் பண்ணினா ஆர்லிக்ஸ் வாங்கிட்டு வந்து பாப்பாங்க. இதுக்குன்னா, வாயக் கட்டத் தெரியாம வயித்த வெட்டிக்கிட்டாம்பாங்க. அதுவும் நெல்லு வெளையிற ஊர்ல. அப்புறம் நான் எப்படி அந்த நாற்காலில உக்காருவேன்?"

அதனால் அலுவலகத்திலும் ஒளிவுதான். மதியம் ஒரு மணிக்குப் பதிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பழைய பதிவேட்டுக் கட்டுகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எடுப்பார். குழந்தைக்குச் சோறூட்டுகிற கிண்ணம்; பக்கவாட்டில் முயல் பொறித்திருக்கும். அது நிறைந்தால் அவர் வயிறும் நிறைந்துவிடும். அரை மணி நேரம் மென்று முடித்து, கழுவித் துடைத்து, பையின் உள் ஜிப்பில் வைத்துப் பூட்டுவார். அந்த ஜிப்புக்கு ஒரு குட்டிப் பூட்டே போட்டிருக்கிறார் என்றால் பாருங்கள்.

எல்லாம் போன ஆவணியில் கெட்டது. அந்த ஊர்ப் பெரிய நிலக்காரர் கோவிந்தராசு வீட்டில் அறுபதாம் கல்யாணம். பந்தியில் பிரகதாம்பாள், வலப்பக்கம் நான். வழக்கம்போல எல்லாம் நடந்தது. நிறைந்த இலைக்கு முன்னால் அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மூன்றாம் நாள் கீழத்தெருவில் அம்சம் வீட்டில் பேத்தி பூவிழிக்குக் காதுகுத்து. நான் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக லீவில் நாகூர் போயிருந்தேன். வலப்பக்கத்துக்கு ஆள் இல்லை. இவர் தனியாகப் போய், குழந்தை கையில் கவரைக் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு விரதம்மா" என்று பந்தலோடு திரும்பிவிட்டார். அன்று புதன்கிழமை. எந்தச் சாமிக்கு விரதம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்சம் ஒரு காலத்தில் அந்தக் கோவிந்தராசு வயலில் நடவு நட்டவர். இன்று அதே நிலத்தில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தானே சாகுபடி செய்கிறார். மகன் அன்பரசன் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். தை மாதம் புது வீட்டுக்குக் குடிபோக இருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகையோடு அம்சம் அலுவலகத்துக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பிரகதாம்பாள் எழுந்து நின்று தட்டை வாங்கிக்கொண்டார்.

"வந்து நின்னுட்டுப் போனாப் போதும்மா" என்றார் அம்சம். "சாப்பாட்டுக்கெல்லாம் சங்கடப்பட வேணாம். எங்க வீட்ல நீங்க கை நனைக்கணும்னு நாங்க எதிர்பாக்கல. கோவிந்தராசய்யா வீட்டுப் பந்தில நீங்க உக்காந்திருந்த போட்டோவ மகன் காட்டுனான். பாத்துக்கிட்டேன்."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. இந்த ஊர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் போவதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. அதைப் பட்டு வளர்ந்தவருக்கு வேறு என்ன தோன்றும்? அந்த அம்மாள் போன பிறகு பிரகதாம்பாள் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஊதவும் இல்லை, குத்தவும் இல்லை.

"என்னைப் போய் அப்படி நினைச்சிட்டாங்களே, ஷமா."

"சொல்லிடுங்க அக்கா."

"சொன்னா நாளைக்கு டீக்கடை வரைக்கும் போயிடும்."

"சொல்லலன்னா?"

அன்று மதியம் பதிவறைக் கதவு சாத்தப்படவில்லை. கிண்ணமும் வெளியே வரவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அந்தப் போட்டோவில் அவர் இலையிலிருந்து வந்த ஜாங்கிரி என் இலையில் இருந்ததே, அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கும் உண்டு.

குடிபுகும் நாள் வந்தது. சுண்ணாம்பு வாசனை போகாத வீடு, வாசலில் வாழைமரம், பக்கத்து மனையில் பந்தி. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்பது பிரகதாம்பாளின் கண்ணில் தெரிந்தது. "பக்கத்துலயே இரு. நகராத" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நாலு வாய் சாப்பிட்டு, மீதியை வழக்கம்போலச் சமாளித்து, காலியான இலையை அம்சத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்பது திட்டம். வேறு எந்த வீட்டிலும் இந்தத் திட்டம் பலித்திருக்கும்.

எங்கள் வரிசைக்குச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அம்சமே வந்தார். எங்களுக்கு ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகராமல் அப்படியே எதிரில் நின்றார். பார்க்க வேண்டும் என்றே நின்றார். பிரகதாம்பாள் சோற்றில் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இரண்டு நாளாகப் பயத்தில் வயிறு எதையும் ஏற்கவில்லை. இப்போது ஒரு வாய் சாப்பிட்டு அது எல்லோர் முன்னாலும் வெளியே வந்தால்? அம்சம் வீட்டுச் சோற்றை இலையிலேயே கக்கினாள் என்று ஆகிவிட்டால்? பழக்கதோஷத்தில் என் கை அவர் வடையின் மேல் போய்விட்டது. எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஒரு வடையை இவ்வளவு பயத்தோடு என் ஆயுசில் பிடித்ததில்லை.

"பிடிக்கலன்னா அப்படியே வச்சிடுங்கம்மா" என்றார் அம்சம். "அடுத்த இலைக்குத் தள்ள வேணாம்."

பந்தலுக்கு வெளியே நின்றிருந்த அன்பரசன் ஓடி வந்து, "அம்மா, விடும்மா. நல்ல நாளும் அதுவுமா" என்று வாளியை வாங்கப் பார்த்தார். அந்த அம்மாள் கொடுக்கவில்லை. வாளியைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது. கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன்.

பிரகதாம்பாளின் நெற்றியில் வேர்வை. ஒரு பருக்கை உள்ளே போகவில்லை, அதற்குள் வேர்வை. இடக்கை மடியில் இருந்த பைக்குள் போயிற்று. போச்சு, செல்போனை எடுக்கப்போகிறார், ஆர்.ஐ. சார் கூப்பிடப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். குட்டிப் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது.

பிரகதாம்பாள் எழுந்து நின்றார். கையில் முயல் பொறித்த கிண்ணம்.

"அக்கா" என்றார். அம்சத்தை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "என் வயிறு இவ்வளவுதான். மீதிய ரெண்டு வருஷம் முன்னாடி ஆபரேஷன்ல வெட்டி எடுத்துட்டாங்க. பித்தப்பைக் கல்லு இல்ல, சீரகத் தண்ணி இல்ல, எல்லாம் பொய். எந்த வீட்லயும் நான் நாலு வாய்க்கு மேல சாப்பிட்டதில்ல. கோவிந்தராசய்யா வீட்ல என் இலையச் சாப்பிட்டதும் இவதான்." என் பக்கம் கையைக் காட்டினார். "பயந்துக்கிட்டு உங்க வீட்ல உக்காராமப் போனேன். இதுல ஊத்துங்க அக்கா. உங்க கையால ஊத்துங்க."

எதிர் மேசையில் சீரகத் தண்ணீர்ப் பெண்கள் வாய்க்குக் கொண்டுபோன சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். யாரோ செல்போனைத் தூக்கினார்கள். பிரகதாம்பாள் அதையும் பார்த்தார். மறு கையையும் கொடுத்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அம்சத்தின் கரண்டிக்கு நேராக நீட்டியபடியே நின்றார்.