பிளேக் சாவடியில் ஒரு நாள்

கோலாரில் உறவினர் திருமணம் முடிந்து, நானும் கணவரும் வாடகை மோட்டாரில் சித்தூர் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் அவருடைய பழைய குடலிறக்கம் சிக்கி, தொடை இடுக்கு கல்லாய் வீங்கிவிட்டது. வலியில் துடித்தார். மைசூர் எல்லையில் பிளேக் நோயாளிகளைத் தடுத்து நிறுத்தும் சாவடிக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியை மறித்தார்.

“கட்டியும் கீது, சுரமும் கீது. பிளேக்கும் இப்படித்தான் இடுக்குல, அக்குள்ல கட்டும். உட முடியாதும்மா.”

“ஐயா, இது குடலிறக்கம். சித்தூர் டாக்டரே சொல்லிக்கீறாரு!”

“எழுதின சீட்டு இருந்தா காட்டு.”

சீட்டை நான் வீட்டுப் பெட்டியிலேயே விட்டு வந்திருந்தேன். சாவடி டாக்டர் மறுநாள்தான் வருவார் என்று சொல்லி, எங்களைத் தகரக் கொட்டகையில் அடைத்தார்கள். பக்கத்துப் பாயில் கிடந்தவர், “எனக்கும் பிளேக் இல்லம்மா, நீயாவது சொல்லேன்” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். மாலைக்குள் இறந்துபோனார். என் கணவர் பச்சையாக வாந்தி எடுக்கத் தொடங்கினார்.

காலையில் வந்த டாக்டர் பார்த்தவுடன், குடலிறக்கம்தான் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். சித்தூர் ஆஸ்பத்திரியில் கறுத்துப்போன குடலை வெட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனாலும் பக்கத்துப் பாய்க்காரரிடமிருந்து பிளேக் ஒட்டியிருக்குமோ என்று அடுத்த பத்து நாளும் விடிந்ததும் அவர் அக்குளையும் என் அக்குளையும் தடவித் தடவிப் பார்த்தேன்.

இப்போது மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற நகரிக்குப் போவதென்றாலும், நோயின் பெயர் எழுதிய சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டே கிளம்புகிறேன். உங்கள் வீட்டிலும் பழைய நோயாளி இருந்தால் இன்றே எழுதி வாங்கிவிடுங்கள். சாவடியில் நம் அழுகையை யாரும் நம்புவதில்லை.