ஒட்டிக்கினு கீதா, தொட்டுக்கினு கீதா

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இரும்பை அறுத்தார்கள். மேலே நாங்கள் அதே இரும்பைக் கம்ப்யூட்டரில் வரைந்து, சிறு சிறு கட்டங்களாக்கி, எங்கே எவ்வளவு அழுத்தம் என்று நிறம் பார்த்தோம். சிவப்பு வந்தால் அங்கே உடையும். நீலம் நிம்மதி.

மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் வரும் என் நண்பனுக்கு அந்தச் சனிக்கிழமையோடு வேலையில் சோதனைக் காலம் முடிகிறது. லாரியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு தகடு. லாரிக்காரர் கேட்டபடி அதை மெல்லிசாக்கலாம் என்று காட்டிவிட்டால் வேலை நிரந்தரம். முதலாளியின் வாய்வார்த்தை அது.

அன்று காலையிலேயே அவன் திரை முழுக்க நீலம்.

"மாமே, பருத்திப்பட்டு ஏரி மாதிரி கீது பாரு!"

சட்டமும் தகடும் சேரும் இடத்தைப் பார்த்தேன். எங்களிடம் அதற்கென்றே ஒரு கேள்வி உண்டு.

"ஒட்டிக்கினு கீதா, தொட்டுக்கினு கீதா?"

"ஒட்டிக்கினுதான். கல்யாணம் பண்ணி வெச்சிட்டேன்."

"இழுத்தா ஓடிப்பூடும்டா."

"தெரியும், போடா."

ஒட்டினால் இரண்டும் ஒரே உடம்பு. தொட்டால் அப்படியில்லை, அழுத்தும்போது தாங்கும், இழுக்கும்போது விலகும், நடுவில் கொஞ்சம் வழுக்கும். போல்ட் போட்டது எதுவும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒட்டு, கணக்கின் சௌகரியம்.

கொஞ்ச நேரம் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒட்டை எடுத்துவிட்டுத் தொடுகையாக மாற்றினான். கம்ப்யூட்டர் முக்கி முனகியது. தொடுவதா விடுவதா என்று தீராமல் கணக்கு பாதியில் நின்றது. சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றி மறுபடி ஓட்டினான். மத்தியானம் விடை வந்தது. தகட்டின் ஓரம் மயிரிழை விலகி, போல்ட் துளையைச் சுற்றிச் சிவப்பு.

முதலாளி குனிந்து பார்த்தார். "இன்னாய்யா, வாயத் தொறந்துகினு நிக்குது?"

"இழுத்தா தொறக்கும் சார். காலைல ஒட்டிப் பாத்தேன், நீலமா வந்துது. அது பொய். தகட்ட மெல்லிசாக்க முடியாது."

"லாரிக்காரன் வேற எடம் பாத்துக்கினு பூடுவான்யா."

கீழே அறுப்பு நின்று, மறுபடி தொடங்கியது.

"இன்னொரு போல்ட் சேத்தா?"

"பாக்கணும் சார். டைம் ஆவும்."

"திங்கக்கெழம வந்து பாரு." அவர் இறங்கிப் போய்விட்டார்.

"திங்கக்கெழமன்னாரு, கேட்டியா?" என்றான் நண்பன்.

"கேட்டேன்."

"அப்ப நான் வேலைல கீறேன்டா."