கம்பெனி பஸ் கடலுக்குப் போன கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் புனேயில் எங்கள் வீட்டில் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, விமான் நகர் கூரைகளை உரசிக்கொண்டு லோஹேகாவில் போய் இறங்குகிற விமானம். இன்னொன்று, மகள் போனில் போட்டுவிடுகிற இணைய வானொலி. இரண்டில் எது பெரிய தொந்தரவு என்று கேட்டால், விமானமாவது சீக்கிரம் இறங்கிவிடும் என்பேன்.

அந்த வானொலியை இங்கேயே ஒரு காபிக் கடையின் மாடியில் நாலு பிள்ளைகள் நடத்துகிறார்கள். பழைய பாட்டைப் பிடித்துப் புதிதாகப் பாடுவதுதான் அங்கே குலத்தொழில். ராஜஸ்தான் பாலைவனப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிடார் போடுவார்கள். வார்க்கரி பக்தர்கள் பண்டரிபுரத்துக்குக் காலில் கொப்புளம் வர நடந்து பாடுகிற அபங்கத்தை, ஏசி அறையில் உட்கார்ந்து, டிரம்ஸ் வைத்துப் பாடுவார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுவதில் அந்தப் பிள்ளைகளுக்கு இணை கிடையாது. நிகழ்ச்சியை நடத்துகிற பையனுக்குத் தாடி இருக்கிறது என்பது அவன் குரலிலேயே தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது எந்த மண்ணில் பிறந்தது, யார் கண்ணீரில் வளர்ந்தது என்று ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து உருகுவான். பாட்டு மூன்று நிமிஷம் என்றால் உருகல் ஐந்து நிமிஷம்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கோதிம்பீர் ஆய்ந்துகொண்டிருந்தேன். நாற்பது வருஷமாகப் புனேயில் இருப்பதில் கொத்தமல்லி எங்கள் வீட்டில் கோதிம்பீராகிவிட்டது. வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் சாகண் பக்கத்தில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வானொலியில் தாடிப் பையன், இன்றைக்குத் தமிழ்க் கடலோரத்தின் ஆயிரம் வருஷத்துப் பாட்டு ஒன்று வருகிறது, எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது என்று ஆரம்பித்தான். பாடியது லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். அவளுடைய தமிழ் என் மகளுடைய தமிழுக்கு அக்காள் முறை. சின்ன வயதில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ சமையற்கட்டில் சிலர் நடுநடுவே வாயால் ஊதி ஊதிப் பாடக் கேட்டாளாம்.

முதலில் சங்கு மாதிரி ஏதோ இரண்டு தரம் ஊதியது. பிறகு கிடார், மரம் அறுக்கிற மாதிரி. அதன்மேல் அவள் பாடினாள்.

பார்த்த பக்கம் தண்ணியடா ஏலேலோ
நம்மைக் கூட்டிப் போறான் ஒருத்தனடா ஏலேலோ

வீட்டுக்காரர் கையிலிருந்த பேப்பர் மடியில் விழுந்தது.

"ஏட்டி, இது என் பாட்டு."

"உங்களுக்குப் பிடிச்ச பாட்டா?"

"நான் கட்டுன பாட்டுங்கேன்."

பாடி முடிந்ததும் பையன் விளக்கினான். தண்ணீர் என்பது கடல் மட்டுமல்ல, பிறவி. கூட்டிப் போகிறவன் மாலுமி, ஒரு வகையில் இறைவன். கடைசி அடியில் கைவிளக்கை ஏந்திக் கண்ணீரோடு விடியும் வரை நிற்கிற பெண், கரையில் காத்திருக்கும் ஆன்மா. கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பானாம். இவனோ நெய்யில் லட்டே பிடித்துவிட்டான்.

வீட்டுக்காரர் சொன்ன கதை வேறு. கம்பெனி பஸ்ஸில் தமிழ் ஆட்கள் எல்லாம் முன்பக்கம், என்ஜின் மூடியைச் சுற்றி உட்காருவார்களாம். மராத்தி ஆட்கள் நடுவில், ஹிந்தி ஆட்கள் பின்னால். யார் போட்ட சட்டமோ தெரியாது, யாரும் மாற்றியதில்லை. மழைக்காலத்தில் ரோடு ஏரியாகிவிட்டால் பஸ் ஊர்ந்துதான் வரும். அந்தச் சமயத்தில் ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டி, இவர் அடி எடுத்துக் கொடுக்க, பாட்டுப் பிறந்ததாம். மெட்டு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடையில் கும்மி அடிக்கிற மெட்டு. தாளம் இந்த ஊர் கணபதி ஊர்வலத்து டோல். ஆகச் சொந்தச் சரக்கு என்று பார்த்தால் வார்த்தைகள் மட்டும்தான். இவரும் அந்தப் பிள்ளைகள் மாதிரியே ஊரான் நெய்யில் கை வைத்தவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த மாலுமி யாரு?"

"நம்ம பஸ் டிரைவர். வழியில மோஷி வந்தாப் போதும், டீக்கடையில வண்டிய நிப்பாட்டிருவான். அதத்தான் முதல் அடியாக் கட்டினேன். இவ அதப் பாடவே இல்ல. பஸ்ஸுன்னு சொல்லுத அடியே அதுதான்."

"சரி, அந்த விளக்குக்காரி?"

"அது நீதான். அப்பல்லாம் கரண்டு போயிரும்லா? நீ டார்ச்சு லைட்டோட கேட்டுல நிப்ப."

"நான் எப்பய்யா அழுதேன்? நீங்க என்ன கட்டினிய, அதச் சொல்லுங்க."

"அது மறந்துபோச்சு" என்று பேப்பரைத் தேடினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மனுஷர் வீட்டில் பாடி நான் கேட்டதில்லை. பேசியே அதிகம் கேட்டதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் வாய்க்குப் பூட்டு. சோறு நல்லா இருந்தால் இன்னொரு தரம் கேட்பார், அவ்வளவுதான் பாராட்டு. இவர் பாட்டுக் கட்டினார் என்பதை நான் எப்படி நம்புவது? மகள் இன்னும் ஒரு படி மேலே போய், "அப்பா, ப்ரூஃப் இருக்கா?" என்று கேட்டாள். கூடப் பாடினவர்கள் ஆளுக்கு ஒரு ஊரில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் போயே சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் முகம் சரியில்லை. அவர் கைபட்ட வண்டிகள் ஊரெல்லாம் ஓடுகின்றன, ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. அதைப் பற்றி ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. 'எழுதியவர் யாரென்று தெரியாது' என்ற ஒரு வரி மட்டும் அவரைப் போட்டு அறுத்தது. எல்லாரும் மறந்துவிட்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அவனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறு போட்டார். ஒரு பாட்டின் பழைய வடிவம் தெரிந்தவர்கள் பேசுவதற்கென்றே நிகழ்ச்சியில் நேரம் வைத்திருக்கிறார்கள். இவர் தனக்குத் தெரிந்த ஹிந்தியில், நான்தான் கட்டினேன், இது பஸ் பாட்டு என்று சொல்லிவிட்டு, முதல் அடியையும் பாடிக் காட்டினார். என் வீட்டுக்காரர் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டிருக்க வேண்டாம் போல இருந்தது.

மோஷி வந்தா டீக்கடை ஏலேலோ
நம்ம டிரைவருக்கு மாமியா வீடு ஏலேலோ

பையன் உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். "அங்கிள், இது பெரிய பொக்கிஷம்" என்றான். "பாட்டு உழைக்கிற மக்களிடம் எப்படி உருமாறியிருக்கிறது பாருங்கள். கப்பல் பஸ்ஸாகிவிட்டது. ஆனால் ஒன்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வடிவத்தில் கொஞ்சம் பிற்காலக் கலப்படம் இருக்கிறது. டீக்கடை மூலத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை." பிறகு கடைசி அடியைப் பாடச் சொன்னான். இவர் என்னைப் பார்த்தார். "மறந்துபோச்சு" என்றார். "பார்த்தீர்களா, மூல ஆசிரியர் மறக்கமாட்டாரே" என்று அன்பாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

பிள்ளையைப் பெற்றவனிடமே, உன் பிள்ளை ஜாடையில் கலப்படம் இருக்கிறது என்று சொல்கிற தைரியம் படித்தவர்களுக்குத்தான் வரும். நான் போனைப் பிடுங்கி அவனை நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் எனக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தியது. டீக்கடை ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் ஞாபகம் இருக்கிறது, என்னைப் பற்றிய அடி மட்டும் எப்படி மறக்கும்? ஒருவேளை பையன் சொன்னதுதான் உண்மையோ, இவர் எங்கேயோ கேட்டதைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டாரோ என்று சந்தேகம் வந்தது. அன்றைக்கு அவர் இரண்டாம் தரம் சோறு கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு அவர் வானொலி இருக்கிற அறைக்கே வரவில்லை. பால்கனியில் நின்று, நனைகிற துணிகளை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கையில் வெங்காயமும் கத்தியுமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வயசாளி குரல் வந்தது. மராத்தி கலந்த ஹிந்தி.

"நமஸ்கார். நான் பாட்டுக் கேக்கப் போன் பண்ணல. புகார் சொல்லப் பண்றேன்."

"சொல்லுங்க காக்கா" என்று பெரியவரை மராத்தியில் சித்தப்பா ஆக்கினான் பையன்.

"என் பையன் கேப் ஓட்டறான். அவன் வண்டியில இந்தப் பாட்டு ஓடிச்சு. நீங்க அதுல சங்கு ஊதுறீங்க. அது சங்கு இல்ல, என் ஹார்ன். நான் சாகண் கம்பெனி பஸ் ஓட்டினவன். ஒவ்வொரு அடி முடியும்போதும் ரெண்டு தரம் அடிப்பேன்."

தாடிப் பையன் உருக ஆரம்பித்தான். "அற்புதம். அப்படியானால் போக்குவரத்துத் தொழிலாளர் மரபு ஒன்று தனியாக..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போன வாரம் ஒருத்தர் பாடினாராமே, அதையும் என் பையன் போட்டுக் காட்டினான். அந்தக் குரலை நான் எங்க கேட்டாலும் கண்டுபிடிப்பேன், அவ்வளவு மோசம். என் காதுக்குப் பக்கத்துல, என்ஜின் மேல உக்காந்து பாடின ஆள். அவரைக் கூப்பிடு. ஒரு விஷயம் கேக்கணும்."

நான் பால்கனிக்கு ஓடினேன். "ஏங்க, உங்க மாலுமி வந்திருக்கான்." அதற்குள் வானொலியிலிருந்து எங்கள் போனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நானே எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாவ், நல்லா இருக்கீங்களா?" என்று மராத்தியில் அண்ணன் முறை வைத்துக் கேட்டது டிரைவர் குரல். "தினம் பாடுவீங்க. எல்லாரும் என் முதுகப் பாத்துச் சிரிப்பாங்க. கண்ணாடியில பாப்பேன். எனக்கு மதராசி தெரியாது. சிரிக்கிறதுதான் சிரிக்கிறாங்க, நாமளும் கூடச் சேந்துக்குவோம்னுதான் ஹார்ன் அடிச்சேன். என்னைப் பத்தி என்ன பாடினீங்க? இப்பவாவது சொல்லுங்க."

வீட்டுக்காரர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு மெதுவாக ஹிந்தியில், மோஷி டீக்கடை உங்கள் மாமியார் வீடு என்று பாடினோம் என்றார்.

தாடிப் பையன்கூட வாயைத் திறக்கவில்லை, அதுவே ஒரு சாதனை.

"பொய்" என்றார் டிரைவர். "மாமியார் வீடு இல்ல. அந்தக் கடை என் சகலையோடது."

வீட்டுக்காரர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை இந்த வீட்டுச் சுவர்கள் கேட்டதில்லை. பாட்டைப் புகழ்ந்தவர்கள் எல்லாம் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சண்டைக்கு வந்த ஒரு ஆள்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"பாட்டு இவரோடது" என்று டிரைவர் பையனிடம் கண்டிப்பாகச் சொன்னார். "ஹார்ன் என்னோடது. ரெண்டையும் சொல்லணும்."

இரண்டு வாரமாக முழுப் பாட்டும் எனக்கு வேண்டும் என்று முறுக்கிக்கொண்டிருந்த மனுஷர், "ஆமா, ஹார்ன் இல்லாம அந்தப் பாட்டே கிடையாது" என்று பாதியை அங்கேயே தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான், ஆனால் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னொண்ணு" என்றார் டிரைவர். "கடைசியா ஒரு அடி வரும். அதுக்குத்தான் பஸ்ஸே ஆடுற மாதிரி சிரிப்பாங்க. அது என்னைப் பத்தியா?"

"இல்ல" என்றார் இவர்.

"அப்ப யாரைப் பத்தி? பாடுங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். மறந்துபோனது எல்லாம் அவர் முகத்தில் வரிசையாகத் திரும்பி வருவது தெரிந்தது.

"பாடுங்க" என்றேன். "கலப்படம் இல்லாமப் பாடுங்க."

பாடினார்.

கேட்டுல நிப்பா டார்ச்சு லைட்டா ஏலேலோ
அவ வாயத் தொறந்தா விடியுமட்டும் ஓயமாட்டா ஏலேலோ

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பாட்டு இவருடையதுதான் என்பதற்கு எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. என்ன சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், போனில் அந்த வயசாளி, தாளம் தவறாமல், வாயாலேயே இரண்டு தரம் ஹார்ன் அடித்தார்.