நான் சொல்லாத ஆறு எண்கள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் எடை போடுகிறேன். அதிர்ந்து பேச வராது.

ஒன்பதாவது படிக்கும் மகள், கணினி வகுப்பில் கற்றதை எனக்கும் சொல்லித் தருவாள். "போனுக்கு வர்ற ஓ.டி.பி.ய யார் கேட்டாலும் சொல்லிராதம்மா. டீச்சர்னு சொல்லிக்கூட ஏமாத்துவாங்க" என்றாள்.

ஒருநாள் சந்தையில் புது எண்ணிலிருந்து அழைப்பு. "கம்ப்யூட்டர் டீச்சர் பேசுறேம்மா. உங்க பிள்ளை பரீட்சை எழுதுறா. திண்டுக்கல்ல நடக்குற கம்ப்யூட்டர் போட்டிக்கு அவ பேரப் பதியணும், பன்னெண்டு மணியோட முடியுது. உங்க போனுக்கு ஆறு நம்பர் ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க."

"யார ஏமாத்தப் பாக்குற? போலீசுக்குப் போவேன்!" என்று கத்தினேன்.

"யக்கா, ஒனக்கு இம்புட்டுச் சத்தம் வருமா!" என்று பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்தடுத்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை.

மாலையில் மகள் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். "நெசமாவே டீச்சர்தாம்மா. எம்பேரு பதியாமப் போச்சு." அந்தப் போட்டிக்காக இரண்டு மாதம் மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு ஓடியவள். திட்டுவாள் என்று நின்றேன். "விடும்மா, நாந்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

கூச்சப்பட்டு ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் நான் போனதில்லை. போயிருந்தால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் பயிற்சிக்கு அவளோடு பழகிவந்த மற்ற இரண்டு பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டார்கள். என் மகள் வகுப்பிலேயே இருந்தாள்.