எனிட் சன்ட்டரும் ரேவன் ஓடையின் மூன்றாம் கல்லும்

சக்கரத்தைக் கண்டுபிடித்த ஆதிமனிதன், அதைச் சதுரமாகச் செய்வதா வட்டமாகச் செய்வதா என்று எனிட் சன்ட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்தான். ஸ்வேல் பள்ளத்தாக்கில் மழைகூட எனிட் தன் ஸ்பேனரைத் துடைத்து வைக்கும்வரை காத்திருந்துதான் பெய்யும். இதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி நிஜம்: ஐம்பத்தெட்டு வயதில், பள்ளிப் பேருந்தும் ஓட்டிக்கொண்டு, செத்துக் கிடந்த ஒரு மோட்டார் சைக்கிளை அவர் எழுப்பி உட்கார வைத்தார்.

அது வேகத்துக்கான வண்டி இல்லை. ஆடுகள் யோசித்து ஏறுகிற பாறையிலும் ஓடையிலும் நத்தை மாதிரி ஏற்றுகிற வண்டி. அதற்கென்றே போட்டி உண்டு: கால் ஒருமுறை தரையில் பட்டால் ஒரு புள்ளி தண்டம். வண்டி நின்றுவிட்டால் ஐந்து. சுத்தமாக ஏறினால் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினவரை முதுகில் தட்டிக்கொடுக்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் அப்படி நடப்பதில்லை, விசாரித்தாகிவிட்டது.

வண்டி அறுபத்து நான்காம் வருஷத்தது. அப்பா போன பிறகு எனிட்டுக்கும் தம்பி கிளெமுக்கும் பொதுச் சொத்தாக இருபத்தாறு வருஷம் ஆட்டுக் கொட்டகையில் கிடந்தது. ஹோட்டல்காரர் ஒருவர் அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்குக் கேட்டார். கிளெமுக்குச் சம்மதம். மாட்டி வைக்க அது என்ன மான் தலையா என்று எனிட் கேட்டார். ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் கிளெம் ஒரு நிபந்தனை போட்டான்.

"ஏப்ரல் போட்டிக்கு அது தன் சக்கரத்துல போகணும். ரேவன் ஓடையில நிக்காம ஏறணும். தன் சக்கரத்துலயே வீட்டுக்கு வரணும். வேன்ல ஏத்துனா சுவத்துக்குத்தான்."

"அந்த ஆளை ஆணி வாங்க வேணாம்னு சொல்லு," என்றார் எனிட்.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டீசல் ஊற்றி ஊற வைத்தார். தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து மரச்சுத்தியால் ஒரே ஒரு தட்டு; இரண்டாவது தட்டு தட்டினால் கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் பிஸ்டன் உடையும் என்பார். பதினொன்றாம் நாள் அது அசைந்தது. புகைக்குழாயிலிருந்து ஓர் எலிக் குடும்பம் சாமான்களோடு வெளியேறியது. கார்புரேட்டரை வாணலியில் கொதிக்க வைத்தார். புது ஹாரன், குட்டியைத் தொலைத்த ஆடு மாதிரி கத்தியது. முதல்முறை அழுத்தியபோது நாலைந்து ஆடுகள் வேலிவரை வந்து எட்டிப் பார்த்தன. ஒரு நாள் வண்டி எவ்வளவு உதைத்தும் கிளம்பவில்லை. புகைக்குழாய்க்குள் ஓர் உருளைக்கிழங்கு இருந்தது. அது எப்படி அங்கே போனது என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

இத்தனை பழைய வண்டிக்குச் சாலைச் சோதனையிலிருந்து சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. எனிட் விடவில்லை, கொண்டுபோய்க் காட்டினார். சோதனைக்காரர் பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, தன் காரைவிட நன்றாகப் பிடிக்கிறது என்றார். அதை எனிட் கிளெமிடம் மூன்று முறை சொன்னார்.

ஆனால் மார்ச்சில் ஒரு தப்பு நடந்தது. பாறையைப் பிடித்து ஏற வேண்டுமென்றால் பின்சக்கரத்தில் காற்று கிட்டத்தட்ட இருக்கக் கூடாது. சாலைக்கு வந்ததும் அடித்துக்கொள்ள வேண்டும். ஓடையில் பழகிவிட்டு வந்த சந்தோஷத்தில் எனிட் காற்றை மறந்தார். வளைவில் டயர் ரிம்மோடு சுற்றாமல் வழுக்கி, ட்யூபின் வால்வு பிய்ந்துபோனது. ஐந்து மைல் தள்ளிக்கொண்டே வந்தார். வழியில் கிளெம் வேனை நிறுத்தி, ஏத்திக்கறியா என்று கேட்டான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

போட்டி நாளில் பம்ப்பை முதுகில் கட்டிக்கொண்டு பதினாலு மைல் ஓட்டி வந்தார். ரேவன் ஓடையில் இறங்கி, டயரில் கட்டைவிரல் புதைகிறவரை காற்றைத் திறந்துவிட்டார். எதிர்க்கரையில் கிளெம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் அட்டையும் பென்சிலுமாகப் புள்ளி குறிக்க நின்றவன் இதை எழுதுகிறவன்தான்.

வண்டி தண்ணீரில் இறங்கியது. முதல் கல்லில் இன்ஜின் முனகியது. இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் சத்தம் தேய்ந்து தேய்ந்து, ஓடையின் சலசலப்பு மட்டும் கேட்டது. பிறகு எங்கோ மேலேயிருந்து படபடவென்று வந்தது. எனிட் உச்சியில் நின்று அந்த ஆட்டு ஹாரனை அழுத்தினார். அட்டையில் பூஜ்யம் விழுந்தது.

அவர் மறக்காமல் காற்றடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார், பின்னால் கிளெமின் வேன் காலியாக வந்தது. அன்று அவனே டீ போட்டான். ஹோட்டல்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி, வண்டியின் டேங்க்கைச் சட்டைக்கையால் துடைத்தான்.

மறுநாள் காலை நான் பள்ளிப் பேருந்தில் ஏறியபோது எனிட் கதவைச் சாத்தினார், வண்டியை எடுக்கவில்லை.

"ரேவன் ஓடையில எனக்குப் பூஜ்யம் போட்டிருக்கியாமே?"

"ஆமா. சுத்தமா ஏறினீங்களே."

"மூணாவது கல்லுல இடது காலை வச்சேன். போட்டி நடத்துற கிளப்புக்குப் போன் பண்ணி ஒண்ணுன்னு மாத்தச் சொல்லிட்டேன். நான் வாங்குன ஒண்ணு எனக்கு வேணும்."

"நான் பார்க்கலையே."

"எப்படிப் பார்ப்ப? நான் கீழ வந்ததுலேர்ந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னியே பயலே. கிளெமும் உன்னைப் பார்த்தான்." கியரைப் போட்டார். "போய் உட்காரு. அந்த உருளைக்கிழங்கைப் பத்திச் சாயங்காலம் பேசுவோம்."