பாம்பு முத்தமிட்ட தழும்பு

என் தங்கையின் வலது கை விரல்களை அவள் கணவர் பீரோ கதவில் வைத்து நசுக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எந்த விரல்கள் என்பதும் என் டைரியில் இருக்கிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, கையைச் சுற்றியிருந்த துண்டு ரத்தத்தில் நனைந்து காய்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது. அவிழ்த்தபோது ஒரு நகம் துண்டோடு வந்தது.

"கதைய கேட்டுட்டாருக்கா," என்றாள். அழவில்லை.

எந்தக் கதை என்று எனக்குத் தெரியும். அவள் எழுதுவதற்கெல்லாம் பிழை திருத்துகிறவள் நான். பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பகல் முழுக்க "கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை" என்று தட்டச்சு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவள் போனில் அனுப்பிய அத்தியாயத்தைத் திறப்பேன். அவள் எழுதுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பழங்கதைகள். சாபத்தால் கல்லானவள், மீன் வயிற்றில் பிறந்தவள், குளத்தில் குளிக்க இறங்கி வானத்துக்குத் திரும்ப முடியாமல் போனவள். கதை சொல்கிறவர்கள் ராஜாவும் ராணியும் அறைக்குள் போனதும் "பொழுது விடிந்தது" என்று தாவுவார்கள். என் தங்கை தாவமாட்டாள். கதவுக்கு உள்ளேயே இருந்து, விளக்கு அணைகிற வரை, சில சமயம் அணைந்த பிறகும், பார்த்ததையெல்லாம் எழுதுவாள். புனைபெயரில்தான் எழுதினாள். அவள் போனில் கோலம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார் கணவர்.

அந்த வருடம் அவள் எழுதியது பாம்புப் புருஷன் கதை. ராணிக்குப் பாம்பு பிறக்கிறது. அதற்குக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். கட்டிவைத்த பெண்கள் ஒவ்வொருவரும் மறுநாள் நீலம் பாரித்துக் கிடக்கிறார்கள். பிறகு ராஜாவின் ஆட்கள் ஒரு விறகுவெட்டியின் மகளைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவோடு இழுத்துவந்து, அறைக்குள் தள்ளித் தாழ் போடுகிறார்கள். அவள் இடுப்பில் கத்தி மறைத்து வைத்திருக்கிறாள். பாம்பு சட்டையை உரித்துவிட்டு ஆணாக எழுந்து நிற்கிறது. அவள் கத்தியை அவன் தொண்டையில் வைக்கிறாள். அவன் நகரவில்லை. "உனக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்கிறான்.

இதுவரை அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. அவள் யோசித்துவிட்டு, இடது முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் பழைய தழும்பைக் காட்டுகிறாள். அவன் குனிந்து அங்கே முத்தமிடுகிறான். அதற்குமேல் அந்த அத்தியாயத்தில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாமல் எழுதியிருந்தாள் என்று மட்டும் சொல்லலாம்.

"வெந்த தோல் மல்லாட்டைத் தொலி போலச் சுருங்கியிருந்தது" என்று ஒரு வரி. வேர்க்கடலை என்று மாற்று, மெட்ராஸ்காரர்களுக்குப் புரியாது என்றேன்.

"வேர்க்கடலைன்னா பாக்கெட்ல போட்டு வித்த மாதிரி கீது. மல்லாட்டன்னாதான் மண்ணு ஒட்டிக்கினு இருக்கும்."

"அது கெடக்கட்டும். இந்தத் தழும்பு உன்னுதாச்சே."

சின்ன வயதில், அறுவடை நாளில், அடுப்பிலிருந்த மல்லாட்டைக் குண்டான் அவள் காலில் கவிழ்ந்தது. தழும்பு அப்படியே தொலியின் வரிகளோடு தங்கிவிட்டது.

"என்னுதுதான். யாருக்குத் தெரியப்போவுது? தாலி கட்டனவருக்கே தெரியாது," என்று சிரித்தாள்.

தெரிந்திருந்தது. அவர் விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். போனில் நாவல்களை வாசித்துக் காட்டும் சேனல்கள் உண்டு. என் தங்கையின் கதையையும் சென்னைக்காரப் பெண் ஒருத்தி குழைந்து குழைந்து வாசித்திருந்தாள். கடையில் பில் போடும் பெண் அதைத் தன் காதுக்கு மட்டும் என்று நினைத்துப் போட, போன் கடையின் பாட்டுப் பெட்டியோடு சேர்ந்துகொண்டு கடை முழுக்க ஒலித்திருக்கிறது. பிறகு அந்தப் பெண்ணே எனக்குப் போன் செய்து சொன்னாள். அவள் பதறி நிறுத்தப் போனபோது, லோடு இறக்குகிற ஆட்கள் விடவில்லையாம்.

"யக்கா, நிறுத்தாத. பாம்பு இன்னா பண்ணுதுன்னு பாத்துட்டு லோடு எறக்குறோம்."

"பாம்புக்குக் கையே இல்லியேடா, இன்னாடா பண்ணும்?"

"உனக்கு ரெண்டு கை கீது, நீ இன்னா பண்ண?"

கல்லாவில் இருந்த அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வாசிக்கிறவள் மல்லாட்டை என்ற சொல்லில் தடுக்கி, மறுபடியும் எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள். அந்த இரண்டாவது முறையில் அவர் சிரிப்பு நின்றது. எழுந்து, அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டியைக் காலால் உதைத்துச் சரித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார்.

வீட்டில் தங்கை பீரோவில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எவன்டி அவன்?"

"எவன்?"

"அந்தத் தழும்புல வாய வச்சவன்."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், "பாம்பு," என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றாள் என்னிடம். முதலில் கன்னத்தில் அறைந்தார். கீழே விழுந்தவளின் வயிற்றில் மிதித்தார். போனைக் குழவிக் கல்லால் தட்டித் தூளாக்கினார். பிறகு, "நான் செய்யாததெல்லாம் எழுதிக்கினு கீற. எவனோ செய்யாம உனக்கு எப்படித் தெரியும்? எழுதுன கை எது, இதானே?" என்று பிடித்து இழுத்து, பீரோ கதவைச் சாத்தினார். மூடவில்லை என்று மறுபடியும் சாத்தினார்.

அரசு மருத்துவமனையில் எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதா என்று கேட்ட டாக்டரிடம், "மாட்டவச்சாரு," என்றேன். தங்கை என்னை முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் பெரியப்பாவோடு என் வீட்டுக்கு வந்தார். பெரியப்பா மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டு, நியாயமாகத்தான் பேசினார்.

"அடிச்சது தப்பு. அவனே சொல்லிக்கினு கீறான். ஆனா ஆம்பள மனசுல சந்தேகம் வுழுந்துட்டா போவாது. ஒரு சூடத்த கொளுத்துவோம். அப்படி ஒருத்தன் இல்லன்னு சொல்லி அது கையால அணைச்சுடட்டும். ஜல்தியா முடிச்சுக்கினு கூட்டிக்கினு போறோம். பேஜாரு வேணாம்."

எனக்கும் அது எளிய காரியமாகத் தெரிந்தது. அப்படி ஒருவன் இல்லை. இது எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லுக்குமேல் யாரும் பேசமாட்டார்கள். பொய்யாக அணைத்தால் குடும்பம் விளங்காது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அவள் உண்மையைத்தானே சொல்லப்போகிறாள் என்று நானே தட்டை எடுத்துவைத்தேன். சூடம் கரும்புகை விட்டு எரிந்தது. தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டவில்லை.

"அணைமா," என்றார் பெரியப்பா.

"மாட்டேன் மாமா."

"அப்ப, அவன் கீறானா?"

"கீறான். கதையில கீறான். நான் உண்டுபண்ணவன். தெனம் என்கிட்ட பேசிக்கினு இருந்தான். அவன் இல்லவே இல்லன்னு அணைச்சா, அது பொய்ச் சத்தியம்."

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் கணவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் தட்டைத் தாண்டிப் பாய்ந்தார். கட்டுப் போட்ட கையைப் பற்றி அந்த நெருப்பின் மேல் அழுத்தினார். பஞ்சு பற்றியது. அவள் அலறியதுபோல் ஓர் அலறலை இதுவரை நான் எந்த மிருகத்திடமும் கேட்டதில்லை.

அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு என் கையில் இருந்தது. அதை அவர் வாயில் அடித்தேன். இன்னொரு முறை ஓங்கியபோது பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் முன்பல் உடைந்து உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. சட்டையெல்லாம் ரத்தம். சொம்பில் மீந்திருந்த தண்ணீரைத் தங்கையின் கையில் ஊற்றினேன்.

"இன்னாம்மா, படிச்ச பொம்பள, கை நீட்டலாமா?"

"நீட்டியாச்சு. தூக்கிக்கினு போங்க."

அவர் தரையில் உட்கார்ந்து பல்லைத் தடவியபடி, என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார். "கல்யாணத்தப்பவே பாத்தேன் அந்தத் தழும்ப. கேட்டா மனசு நோவும்னுதான் கேக்கல."

குரல் உடைந்திருந்தது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

"வெரல நசுக்கசொல்லோ நோவுன்னு தெரியலியா?" என்றாள் தங்கை.

பெரியப்பா துண்டால் அவர் வாயைப் பொத்தி ஆட்டோவில் ஏற்றினார். அன்றே நாங்கள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். என் மேலும் அவர் புகார் கொடுத்தார். இரண்டு வழக்குகளும் நடக்கின்றன.

விரல்கள் மடங்குவதில்லை. என் வீட்டுக்கு வந்து சில வாரங்கள் அவள் எதுவும் எழுதவில்லை. புதுப் போனில் வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ராஜாவின் ஆட்கள் கதவை உடைக்கிற இடத்தில் கதை நின்றிருந்தது. நான் தட்டச்சு செய்கிறேன், நீ சொல்லு என்றேன்.

"உன் மொகத்த பாத்துக்கினு இத சொல்ல வராதுக்கா," என்றாள்.

ஒரு மாலை, பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் போனில் கண்டுபிடித்தாள். நான் சமையலறையில் இருந்தேன். கதவு உடைந்தது, விறகுவெட்டியின் மகள் முதலில் வந்தவன் கழுத்தில் கத்தியை இறக்கினாள், வாசற்படியில் ரத்தம் வழிந்தது, பாம்பு மற்றவர்களைத் தூணோடு சேர்த்து நெரித்தது. எலும்பு முறிகிற சத்தத்தைக்கூட விடாமல் சொன்னாள். பிறகு அறையில் அவர்கள் இருவரும் மட்டும். அவள் குரல் தணிந்தது. தணிந்த குரல் போனுக்குப் பிடிபடவில்லை. உதடு என்றால் உதவி என்று எழுதியது, மடி என்றால் மாடி. அவள் அழித்துவிட்டு மறுபடியும், இன்னும் உரக்க, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"தொறந்து வுடுக்கா. புழுங்குது," என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திறந்து, காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் கொக்கியும் மாட்டிவிட்டு வந்தேன்.